பாம்பன் சுவாமிகளும் மரண ஆயத்தமும்

பிறந்தார் இறத்தல் ஒருதலை. இவ்வுண்மையை அறியாதார் ஒருவரும் இலர். அறிந்து அதற்கு வேண்டுவன செய்வார் மிகச் சிலரே. மகளுக்குத் திருமணம் என்றால் ஓராண்டுக்கு முன்னரே பொன்னும் புடவையும் தேடுகின்றோம். மைந்தன் அயலூர்க்குப் புறப்படுகின்றான் என்றால் வழிக்கு வேண்டிய உணவும் உடையும் முதல் நாளே கட்டி வைக்கின்றோம். மனை கட்டுதற்கு நாளும் கோளும் பார்க்கின்றோம். எல்லார்க்கும் தப்பாது வருவதாகிய ஒரு பயணத்துக்கு மட்டும் யாதோர் ஆயத்தமும் செய்யாதிருப்பதோடு, அதனைப் பற்றிப் பேசுதலும் அமங்கலம் என்று வாய் பொத்துகின்றோம். நோய் முற்றி மருத்துவர் கைவிரித்த பின்னர், பெரியவர் படுக்கையைச் சுற்றி நின்று, ஒருவர் கங்கை நீர் தேட, ஒருவர் வீட்டுப் பத்திரம் தேட, மற்றொருவர் தலையில் அடித்துக்கொண்டு அழ, இங்ஙனம் பெருங்குழப்பத்தில் முடிகின்ற இறுதிகளை நம் இல்லங்கள் பலவற்றிலும் கண்டிருக்கின்றோம்.

நம் சங்கத்து இதழில் திருமணச் செய்திகளும், கல்வியில் மேம்பட்ட சிறார்க்குப் பாராட்டும், புதுமனை புகுவிழா அழைப்பும் திங்கள்தோறும் வெளிவரக் கண்டு மகிழ்கின்றோம். அவற்றோடு, மறைந்த பெரியோர்க்கு இரங்கற் குறிப்பும் வருகின்றது. அவ்விரங்கற் குறிப்புக்களைப் படிக்குந்தோறும் எம் உள்ளத்தே ஒரு வினா எழுவதுண்டு. இல்லறத்தில் நின்று, கடனும் கவலையும் சுமந்து, மக்களை வளர்த்து ஆளாக்கிய ஒருவர், தம் இறுதிப் பொழுதைத் தெளிந்த அறிவோடும் அமைதியோடும் எதிர்கொள்ளக் கூடுமா? கூடுமெனின், அதற்கு எப்பொழுது, எவ்வாறு முயலல் வேண்டும்?

இவ்வினாவுக்கு விடை நூல்களில் தேடினும் கிடைக்கும். ஆயினும் நாம் வாழும் இத் தென்சென்னைப் பகுதியிலேயே, அவ்விடையைத் தம் வாழ்வாற் காட்டி அடங்கிய ஒரு பெரியாருடைய சமாதித் திருக்கோயில் விளங்குகின்றது. தாம்பரத்திலிருந்து சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்வார்க்குத் திருவான்மியூர் எதிர்ப்படும். ஆங்கு அடங்கியவர் பாம்பன் ஸ்ரீமத் குமரகுருதாச சுவாமிகள். அவர்தம் சரிதத்தை இந்நோக்கிற் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் கருத்து.

அதன் முன்னர், இறுதிக்கு ஆயத்தமாதல் என்பது நம் நாட்டிற்குப் புதிதன்று என்பதை உணர்தல் நலம். திருவள்ளுவனார் நிலையாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் நீத்ததும், அவனை முன் கண்டறியாத பிசிராந்தையார் வந்து உடன் இருந்ததும் புறநானூறு பயின்றார் அறிவர். செஞ்சிக்கு அணித்தாகிய திருநாதர் குன்றிலே, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உடல் நீத்தமை கல்வெட்டாக நின்று இன்றும் சான்று பகர்கின்றது. பகவத் கீதையின் எட்டாம் அத்தியாயம், இறுதிக் கணத்தில் ஒருவன் எதனை நினைக்கின்றானோ அதனையே அடைகின்றான் என்று கூறி, ஆதலால் எக்காலத்தும் இறைவனை நினைக்க என்று முடிக்கின்றது. பெரியாழ்வாரோ, எய்த்து இளைத்த அந்நேரத்தில் தம்மால் நினைக்க இயலாது போகலாம் என்று கருதித் திருவரங்கத்துப் பெருமானிடம் முன்கூட்டியே விண்ணப்பம் செய்து வைத்தார்.

இவ்விரு சான்றோர் கருத்தும் ஒன்றே. இறுதிக் கணம் நம் கையிலுள்ள பொருளன்று. அது எப்பொழுது வரும், எந்நிலையில் வரும் என்பதை நாம் வகுக்க இயலாது. நம் கையில் உள்ளது அதற்கு முற்பட்ட காலமே. ஆகலின், வாழும் நாளிற் பழகிய பழக்கமே இறுதி நாளிற் கைகொடுக்கும். பாம்பன் சுவாமிகளின் வாழ்வு முழுவதும் இவ்வொரு கருத்துக்கு விரிவுரையாக அமைந்தது என்பது எம் துணிபு.

சுவாமிகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இராமேசுவரத்தில் தோன்றினார். தந்தையார் சாத்தப்ப பிள்ளை, தாயார் செங்கமலத்தம்மையார். பெற்றோர் இட்ட பெயர் அப்பாவு என்பது. வளர்ந்த ஊர் பாம்பன் ஆதலின் அவ்வூர்ப் பெயரே பின்னர் அவர்க்கு அடையாயிற்று. கடலும் மணலும் தென்னந்தோப்புமாகிய அச்சிற்றூரில், பதின்மூன்று வயதளவில் ஒரு வெள்ளிக்கிழமை வைகறையிலே, தோப்பில் இருந்தபடி முருகப் பெருமான்மீது முதற்பாடலைப் பனையோலையில் எழுதினார் என்று அவர் சரிதம் கூறும். அதன்பின் நாடோறும் உணவு கொள்ளுமுன் ஒரு பதிகம் பாடி முடித்தல் என்று ஒரு நியதி மேற்கொண்டு, நூறு நாளில் நூறு பதிகம் பாடினார். அருணகிரிநாதரையே தம் ஞானகுருவாக உள்ளத்திற் கொண்டமையின், அப்பதிகங்களில் அவர் திருநாமத்தை அமைத்துப் போற்றினார்.

இளமையில் நிகழ்ந்த இச்செய்தியைக் கவித்திறத்துக்குச் சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். யாம் இங்குக் கருதுவது வேறு. வயிறு பசிக்கும் நேரத்தில், முதலில் இறைவன் பணி, பின்னரே உணவு என்று உடலுக்கு ஒரு கட்டளையிட்டு, அதனைப் பிறழாது நூறு நாள் நிறைவேற்றிய பயிற்சியே அது. உடல் கேட்பதை உடனே கொடுத்துப் பழகிய ஒருவன், இறுதியில் உடல் பிரிய மறுக்கும்போது அதனோடு போராடித் தவிப்பான். உடலை நாள்தோறும் சிறிது காத்திருக்கச் செய்தவன் அதன் தலைவனாகின்றான். சுவாமிகள் அத் தலைமையைச் சிறு பருவத்திலேயே பழகத் தொடங்கினார்.

இராமேசுவரத்துச் சேதுமாதவ ஐயர் என்பவர் அவர்க்கு ஆறெழுத்து மந்திரத்தை உபதேசித்து வழிகாட்டினார். துறவில் நாட்டம் மிக்கிருந்தும், பெரியோர் சொல்லைத் தட்டாது 1878-ஆம் ஆண்டில் காளிமுத்தம்மையாரை மணந்து இல்லறம் ஏற்றார். மக்கள் மூவர் பிறந்தனர். தந்தையார் காலஞ்சென்ற பின்னர்க் குடும்பப் பொறுப்பு முழுவதும் அவர்மேல் வந்தது. தோப்பும் தொழிலும் கணக்கும் வழக்குமாகிய உலகியல் அலுவல்களை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. அவற்றைச் செய்துகொண்டே வழிபாடும் நூலாராய்ச்சியும் இடையறாது நடத்தினார். 1895-ஆம் ஆண்டில் அவர் பாம்பனை நீங்கினார் என்பதால், ஏறத்தாழப் பதினேழாண்டு அவர் நம்மைப் போன்ற இல்லறத்தாராகவே இருந்தார் என்பது தெளிவு. சண்முக கவசம் என்னும் நூல் அவர் இல்லறத்திலிருந்த 1891-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பெற்றது. தமிழ் உயிரெழுத்துப் பன்னிரண்டும் மெய்யெழுத்துப் பதினெட்டும் முறையே முதலாக வர, முப்பது பாடல்களில் அஃது அமைந்துள்ளது.

இவ்வில்லறக் காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியை அன்பர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். பழனிக்குச் சென்று துறவு பூணவேண்டும் என்னும் வேட்கை ஒருநாள் அவர்க்கு மிக்கது. அதனை நண்பர் ஒருவரிடம் தெரிவித்தார். மனைவி மக்களை விட்டுச் செல்லுதல் தகுமோ, இதற்கு முருகன் ஆணை உண்டோ என்று நண்பர் வினவினார். வேட்கை மிகுதியால், ஆணை உண்டு என்று சுவாமிகள் விடை கூறிவிட்டார். உண்மையில் அத்தகைய ஆணை யாதும் அவர்க்கு வரவில்லை. அன்றே முருகப்பெருமான் சினந்த திருமுகத்தோடு தோன்றி, பொய்யுரைத்தமையைச் சுட்டி, யாம் அழைக்குங்காறும் பழனிக்கு வருதல் கூடாது என்று கட்டளையிட்டதாகச் சரிதம் கூறும். அவ்வழைப்பு அவர் வாழ்நாள் முழுதும் வரவில்லை. வடநாட்டுக் காசி வரை சென்றுவந்த அவர், தம் உள்ளத்துக்கு மிக இனிய பழனியை மட்டும் இறுதிவரை மிதிக்கவேயில்லை.

ஒரு சிறு பொய்யன்றோ, அதுவும் இறைவனை நாடிச் செல்லும் பொருட்டுச் சொன்னதன்றோ என்று நமக்குத் தோன்றும். சுவாமிகள் அங்ஙனம் தமக்குத் தாமே மன்னிப்பு அளித்துக்கொள்ளவில்லை. செய்த பிழையைப் பிழையென்றே ஏற்று, அதன் பயனை முப்பதாண்டுக்கு மேலும் முணுமுணுப்பின்றிச் சுமந்தார். இறுதிக்கு ஆயத்தமாதலில் இஃது ஒரு பெரும்பகுதி. இறக்குந் தறுவாயில் மனிதரை வருத்துவன உடல் நோய்கள் மாத்திரமல்ல. சொல்லாமல் மறைத்த பொய்களும், ஒத்துக்கொள்ளாத பிழைகளும், தீர்க்காமல் விட்ட பகைகளும் அந்நேரத்தில் ஒருங்கே வந்து படுக்கையருகில் நிற்கும். அவற்றை உடல் வலிவோடு இருக்கும்போதே எதிர்நோக்கித் தீர்த்துக்கொண்டவர்க்கு, விட்டுச் செல்லும் போது சுமை குறைவு. மேலும், நிறைவேறாத ஆசை ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டும் ஒருவர் அமைதியாகப் போகலாம், அதனை இறைவன் கையில் ஒப்படைத்திருந்தால், என்பதற்கும் பழனி நிகழ்ச்சியே சான்றாகின்றது.

இனி அவர் வாழ்வின் நடுவே நின்ற பெருநோன்பைக் கூறுவாம். 1894-ஆம் ஆண்டில் சுவாமிகள் பிரப்பன்வலசை என்னும் ஊரை அடைந்தார். அஃது இராமநாதபுரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ளதொரு சிற்றூர். ஆங்குச் சுடுகாட்டுப் பகுதியில் சதுரமாக ஒரு குழி வெட்டுவித்து, அதன்மேல் கொட்டகையும் சுற்றிலும் வேலியும் அமைப்பித்து, அக்குழியினுள் இறங்கி அமர்ந்தார். சிறிதளவு அன்னம் கொடுத்தற்கு மட்டும் ஒரு வழி விடப்பட்டிருந்தது. இருளும் தனிமையும் சூழ 35 நாள் அவர் தியானத்தில் இருந்தார். அச்சமூட்டும் தோற்றங்கள் பல எழுந்தன என்றும், சண்முக கவசமே அவரைக் காத்தது என்றும், முருகன் அகத்தியரோடும் அருணகிரிநாதரோடும் காட்சி தந்து ஒரு மொழியை உபதேசித்தருளினான் என்றும் அடியார் கூறுவர். சித்திரைப் பௌர்ணமியன்று அவர் வெளிவந்தார்.

உயிரோடு இருக்கும் ஒருவர், தாமே வெட்டுவித்த குழியில், சுடுகாட்டின் நடுவில், 35 நாள் அமர்ந்திருந்தார் என்பதன் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிணமாகித் தூக்கிச் செல்லப்பட்ட பின்னரே நாம் காணும் இடத்தை அவர் கண் திறந்திருக்கும்போதே கண்டார். மண்ணின் குளிர்ச்சி, இருள், உற்றார் குரல் கேளாமை, நாளும் பொழுதும் மறைதல் ஆகிய அனைத்தையும் பழகினார். மரணத்தில் நாம் அஞ்சுவது இவற்றையே அன்றோ? அறியாத வீட்டில் இரவில் நுழைவோன் தட்டுத் தடுமாறுவான். பகலில் ஒருமுறை சென்று பார்த்தவன் அத்துணை இடர்ப்படான். சுவாமிகள் பகலிற் சென்று பார்த்து வந்தவர் ஆயினார். அதன்பின் அவர் முப்பத்தைந்தாண்டு இவ்வுலகில் வாழ்ந்தார் என்பதும் கருதத் தக்கது. மரணத்தை நினைத்தல் வாழ்வை வாட்டிவிடும் என்பார் உளர். குழியினின்று எழுந்து வந்தவரோ முன்னினும் மிகுதியாகப் பாடினார், எழுதினார், அடியார்க்கு நெறி காட்டினார். அவர் பாடல்கள் 6,666 என்று தொகுத்துக் கூறுவர். இதயத்தினுள் நுண்ணிய வெளியில் இறைவனை உணர்தலை விளக்கும் தகராலய ரகசியம், பரிபூரணானந்த போதம் முதலிய ஞான நூல்களும் அவர் அருளியவையே.

1895-ஆம் ஆண்டில் இறைவன் கட்டளை பெற்றுத் துறவியாகச் சென்னைக்கு வந்தார். வைத்தியநாத முதலித் தெருவில் பங்காரு அம்மையார் என்னும் அடியவர், கனவில் முன்னரே உணர்த்தப்பெற்று, அவரை எதிர்கொண்டு உணவளித்து உபசரித்தார் என்பர். அவர் துறந்து வந்தமையால் பாம்பனில் இருந்த காளிமுத்தம்மையாரும் மக்களும் தாங்கிய பாரத்தையும் நாம் மறத்தல் ஆகாது. பெரியோர் சரிதத்தைப் படிக்கும்போது அவர்க்குப் பின்னால் அமைதியாக நின்ற அம்மையாரையும் வணங்குதல் நம் கடன். சுவாமிகள் சென்ற வழியில் எல்லாரும் வீடு துறந்து செல்லவேண்டும் என்பது எம் கருத்தன்று. துறவுக்கு முன் அவர் வீட்டில் இருந்தபடி பழகியவை எவையோ, அவையே நமக்குரிய பாடம்.

துறவு நிலையில் அவர் உணவு ஒருவேளையே. உப்பு, புளி, காரம் ஆகிய சுவைகளை நீக்கினார். நாவை வென்றார் நமனையும் வெல்வர் என்பது போன்றதொரு நம்பிக்கை நம் முன்னோர்க்கு உண்டு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கூறும் நாட்டில், உப்பில்லாமலும் உயிர் நிற்கும் என்று காட்டியவர் அவர்.

இங்ஙனம் உடலைப் பழக்கியவர்க்கும் உடல் ஒரு சோதனை வைத்தது. 27-12-1923 அன்று சென்னைத் தம்புசெட்டித் தெருவில் அவர் நடந்து செல்லுங்கால், குதிரை வண்டி ஒன்று மோதி, அதன் சக்கரம் ஏறி இடக்கால் எலும்பு முறிந்தது. அன்பர்கள் அவரைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியிற் சேர்த்தனர். இன்று இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று வழங்குவது அதுவே. எழுபது கடந்த முதுமை ஆதலானும், நெடுங்காலம் உப்பு நீக்கிய உடல் ஆதலானும், எலும்பு மீளக் கூடுதல் அரிது என்று மருத்துவர் கருதினர். அணுக்கத் தொண்டராகிய சின்னசாமி சோதிடர் இடையறாது சண்முக கவசத்தைப் பாராயணம் செய்தார். பதினோராம் நாள் இரவு, மேற்றிசை வானில் இரண்டு மயில்கள் ஆடி வரும் காட்சியையும், தம் படுக்கையில் சிவந்த குழவி ஒன்று கிடக்கும் காட்சியையும் சுவாமிகள் கண்டனர். பின்னர் மருத்துவர் வியக்கும்படி எலும்பு கூடியது. மார்கழி வளர்பிறைப் பிரதமையில் ஆண்டுதோறும் நிகழும் மயூர வாகன சேவன விழா அந்நிகழ்ச்சியின் நினைவாக எழுந்ததே.

இவ்விடத்தில் மூன்று செய்திகள் நம் கருத்திற் பதியத் தக்கன. முதலாவது, அவர் மருத்துவத்தை மறுக்கவில்லை. மரணத்துக்கு அஞ்சாதவர், இதுவே தருணம் என்று உணவையும் மருந்தையும் ஒதுக்கி உயிரை நீத்திருக்கலாம். அங்ஙனம் செய்யாது, மருத்துவர் கட்டிய கட்டோடு பொறுமையாகப் படுத்திருந்தார். மரணத்தை விரட்டுதலும் அவர் நெறியன்று, வலிந்து அழைத்தலும் அவர் நெறியன்று. இரண்டாவது, அங்கம் அங்கமாகக் காக்க என்று இறைவனை வேண்டும் கவசத்தைப் பாடியவர்க்கே கால் முறிந்தது. பக்தி செய்வார்க்குத் துன்பமே வாராது என்று எண்ணி வழிபடுவோர், துன்பம் வந்தவுடன் வழிபாட்டையே கைவிடுதலைக் காண்கின்றோம். கவசம் பாடியவர் முறிந்த காலோடும் அதே கவசத்தையே துணையாகக் கொண்டார். மூன்றாவது, நோயாளி அருகில் இருப்போர் கடமை எது என்பதைச் சின்னசாமி சோதிடர் காட்டினார். அழுகையும் புலம்பலும் பிணியாளரின் மனத்தைக் கலக்கும். அருகிருந்து இறைவன் நாமத்தை மெல்ல ஓதுதல் அம்மனத்துக்கு ஓர் ஊன்றுகோலாகும்.

காலம் நெருங்குவதைச் சுவாமிகள் உணர்ந்தார். உணர்ந்தவர் செய்த செயல்கள் யாவும் மிகத் தெளிவானவை. தம் வழிபாடும் நூல்களும் தொடர்ந்து பேணப்படும்பொருட்டு அடியார் கூட்டத்தை மகா தேஜோ மண்டலம் என்னும் பெயரால் முறைப்படுத்தினார். தாம் சமாதி அடைய இருத்தலைச் சின்னசாமி சோதிடரிடம் தெரிவித்து, திருவான்மியூரில் அதற்குரிய நிலம் வாங்குமாறு பணித்தார். நிலமும் முன்னதாகவே வாங்கப்பெற்றது. அக்காலத்துத் திருவான்மியூர், நகரின் ஆரவாரம் எட்டாத கடற்கரைச் சிற்றூர். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலம். அகத்தியர்க்கு மருந்தின் இயல்பை உணர்த்திய மருந்தீசர் எழுந்தருளிய பதி. பாம்பன் கடற்கரையில் வளர்ந்தவர், இறுதியாகத் தங்குதற்கும் ஒரு கடற்கரையையே தேர்ந்தனர்.

30-5-1929, வைகாசித் திங்கள், தேய்பிறைச் சஷ்டி, வியாழக்கிழமை. காலை 7-15 மணியளவில், அடியார் சூழ்ந்திருக்க, மூச்சினை உள்ளடக்கிச் சுவாமிகள் சமாதி எய்தினார். போராட்டமோ புலம்பலோ அங்கு இல்லை. மறுநாள் அடியார் பெருந்திரளாகக் கூடி அவர் திருமேனியைச் சென்னையினின்று திருவான்மியூர்க்கு ஊர்வலமாகக் கொணர்ந்து, அமர்ந்த கோலத்திலேயே சமாதியில் எழுந்தருளச் செய்தனர். ஞானியர் உடலைத் தீயிலிடாது நிலத்திற் குகை அமைத்து இருத்துதல் வேண்டும் என்று திருமந்திரம் ஏழாந் தந்திரத்துச் சமாதிக் கிரியை என்னும் பகுதி விதிக்கின்றது. அவ்விதி அன்று அங்கு நிறைவேறியது. முப்பத்தைந்தாண்டுக்கு முன் பிரப்பன்வலசையில் தாமாக இறங்கியமர்ந்த குழியையும், திருவான்மியூரில் அடியார் இறக்கி அமர்த்திய குழியையும் ஒருங்கு வைத்து எண்ணுவார்க்கு, முன்னது ஒத்திகை என்பதும், பின்னது அரங்கேற்றம் என்பதும் விளங்கும்.

இனி, இச்சரிதத்தினின்று நம் குடும்பங்கள் கொள்ளத்தக்கன யாவை? சுடுகாட்டில் குழி வெட்டி அமர்தல் நம்மால் ஆகாது, அது வேண்டுவதுமன்று. ஆனால் நாடோறும் உணவுக்கு முன் கால்மணிப் பொழுது, அவரவர் குலதெய்வத்தையோ இட்டதெய்வத்தையோ மனமொன்றி நினைத்தல் யார்க்கும் இயலும். அவ்வேளையில், இந்நாள் என் இறுதி நாளாயின் யான் விட்டுச்செல்லும் குறை யாது என்று தம்மைத் தாமே ஒருமுறை வினவுதலும் இயலும். அவ்வினாவுக்கு நெஞ்சு சொல்லும் விடை பெரும்பாலும் எளியதாகவே இருக்கும். தம்பியோடு பேசாதிருக்கின்றேன், வாங்கிய கடனைக் கணக்கெழுதவில்லை, மனைவிக்கு வங்கிக் கணக்கு எது என்பதும் தெரியாது, இத்தகையனவே அவ்விடைகள். அவற்றை அன்றன்றே தீர்த்தல் மரண ஆயத்தத்தின் முதற்படி.

இரண்டாவது, நாவையும் மற்றைப் பொறிகளையும் சிறிது சிறிதாகக் கட்டுப்படுத்தல். வாரத்தில் ஒருநாள் ஒருவேளை உணவை விடுதலோ, விரும்பிய பண்டம் ஒன்றை நீக்குதலோ, ஒரு நாழிகை மௌனமாக இருத்தலோ எதுவாயினும் ஆகுக. நோயாளிகளும் முதியோரும் மருத்துவர் சொற்படியே நடத்தல் வேண்டும். இதன் நோக்கம் உடலை வருத்துதல் அன்று. உடல் வேறு, உடையவன் வேறு என்னும் உணர்ச்சியைப் பழகுதலே.

மூன்றாவது, தம் இறுதி விருப்பங்களை வாய்ச்சொல்லாக விடாது எழுத்தில் வைத்தல். தமக்குரிய இடத்தையும், தம் பணியைத் தொடர்வாரையும் சுவாமிகள் முன்னரே வகுத்துக் கொடுத்தமையால், அவர் மறைந்த அன்று அடியார் செய்வது அறியாது திகைக்கவில்லை. உயில் எழுதுதல் ஆயுளைக் குறைக்கும் என்னும் பேதைமையை நாம் விடல் வேண்டும். மீளவியலாத நோய்நிலையில், பயனின்றி உயிரை மட்டும் நீட்டிக்கும் கருவிகளைத் தமக்குப் பொருத்தலாமா, வேண்டாமா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்தலை இந்திய உச்ச நீதிமன்றம் 9-3-2018 அன்று வழங்கிய தீர்ப்பால் ஏற்றுக்கொண்டது. 2023-இல் அம்முறை எளிதாக்கப்பட்டு, சாட்சிகள் இருவர் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட் பதிவுபெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும் என்று ஆயிற்று. இதனை எழுதுவதும் எழுதாதிருப்பதும் அவரவர் விருப்பம். ஆயினும் பெரியோர் தம் கருத்தை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லிவைத்தல், பின்னர் மருத்துவமனை வாயிலில் மக்கள் தமக்குள் மாறுபட்டு நிற்கும் அவலத்தைத் தவிர்க்கும்.

நான்காவது இளையோர்க்கு உரியது. வீட்டுப் பெரியவர் மரணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அபசகுனம் என்று அவர் வாயை அடைக்காதீர். அவர் பேச விரும்புவதைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டல், அவர்க்கு நீவிர் வாங்கித்தரும் எம்மருந்தினும் சிறந்த மருந்தாகலாம். படுக்கையில் வீழ்ந்த பின்னர், அவர் விரும்பிய பதிகத்தையோ கவசத்தையோ நாமத்தையோ அருகிருந்து ஓதுக. செவி கேட்கும் என்னும் நம்பிக்கையோடு ஓதுக.

வைகாசித் தேய்பிறைச் சஷ்டியில் சுவாமிகளின் குருபூசை ஆண்டுதோறும் திருவான்மியூரில் நிகழ்கின்றது. தாம்பரம், சேலையூர், பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய இடங்களில் வாழும் நம் சங்கத்து அன்பர்கள், வீட்டு முதியோரையும் சிறுவரையும் உடனழைத்துச் சென்று அத்திருச்சமாதியை வழிபடுவாராக. சமாதி என்றதும் அஞ்சி அகலாது, அவ்விடத்துச் சிறிது நேரம் கண்மூடி அமர்வாராக. அமைதி நிறைந்த அவ்விடத்தில் அமரும் சிறுவர் உள்ளத்தில், இறப்பு என்பது அலறி ஓடத்தக்கதொன்றன்று, நன்கு வாழ்ந்தவர் நன்கு சென்று சேரும் இடமே என்னும் எண்ணம் விதையாக விழும். அவ்விதை அவர்தம் முதுமையில் நிழல் தரும்.

பிறப்பை நாம் கேட்டு வாங்கவில்லை. இறப்பைத் தள்ளிவைக்கவும் நம்மால் ஆகாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாளே நமக்கு அளிக்கப்பட்ட முதல். அம்முதலை வீணே செலவழியாது, நாள்தோறும் சிறிது சிறிதாக இறுதிக்கென்று சேமித்து வைப்போமாக. பாம்பன் சுவாமிகள் திருவடி வாழ்க. நம் இல்லங்கள்தோறும் தெளிவும் அமைதியும் நிலவுக.